சென்ட்ரல் பார்க்: எந்த வாசல் என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்குப் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "நல்லாத்தான் இருந்துச்சு, கால்தான் போச்சு." என்ன பார்த்தீர்கள் என்றால் ஒரு ஏரி, ஒரு பாலம், நிறைய அணில். காலையில் 59-ஆம் தெரு முனையில் இறங்கி, "இப்படியே நடந்து அந்தக் கோடிக்குப் போயிடலாம்" என்று ஆரம்பிக்கிற நாள் அநேகமாக இப்படித்தான் முடியும்.

பூங்காவின் பரப்பு 843 ஏக்கர். தெற்கே 59-ஆம் தெருவிலிருந்து வடக்கே 110-ஆம் தெரு வரை நீளம் 4 கிலோமீட்டர். கிழக்கே ஐந்தாவது அவென்யூ, மேற்கே சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலை, இரண்டுக்கும் நடுவே அகலம் வெறும் 800 மீட்டர். மன்ஹாட்டனில் வடக்கு தெற்காக 20 தெரு தாண்டினால் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் மேப் இல்லாமலே தூரம் சொல்லிவிடலாம். தெரு எண் ஏறினால் வடக்கே போகிறீர்கள், இறங்கினால் தெற்கே. போனில் திசைகாட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், குழப்பும். மன்ஹாட்டன் தெருக்களே உண்மையான வடக்கிலிருந்து சுமார் 29 டிகிரி சாய்ந்துதான் போட்டிருக்கின்றன.

4 கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேர நடை என்று தோன்றும். ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் 1858-இல் போட்ட திட்டப்படி அமைந்த பூங்கா இது. அடுத்து என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரியக் கூடாது என்பதற்காகவே பாதைகளை வளைத்து வளைத்துப் போட்டார்கள். பூங்கா முழுக்க நேர்கோடாகப் போகிற பெரிய நடைபாதை தி மால் மட்டும்தான். அதனால் மேப்பில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவது காலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் நின்று படம் எடுப்பது, பெஞ்சில் உட்காருவது, குழந்தை பாறையில் ஏறுவது எல்லாம் சேர்ந்தால் கோடிக்குக் கோடி நான்கைந்து மணி நேரம். அதில் பாதி நேரம் எதையும் பார்க்காமல் நடந்துகொண்டே இருப்பீர்கள்.

அதனால் நீளவாக்கில் திட்டம் போடாதீர்கள். குறுக்காகப் போடுங்கள். ஒரு பக்க வாசலில் நுழைந்து, பத்துப் பன்னிரண்டு தெரு அகலமுள்ள ஒரு பட்டைக்குள் சுற்றி, எதிர்ப்பக்க வாசலில் வெளியே வருவது. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு அது போதும். வாசலை முடிவு செய்துவிட்டால் எந்த ரயில், எங்கே கழிப்பறை, எங்கே சாப்பாடு என்று மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

எந்தப் பக்கம் நுழைவது? ரயிலில் வருகிறீர்கள் என்றால் மேற்கு. அந்தப் பக்கம் 72, 81, 86, 96, 103, 110 என்று வரிசையாக இருக்கிற சுரங்க ரயில் நிலையங்களில் படியேறினால் எதிரிலேயே பூங்காவின் மதில். கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. 6-ஆம் எண் ரயில் லெக்சிங்டன் அவென்யூவில் ஓடுகிறது. அங்கிருந்து பார்க், மேடிசன், ஐந்தாவது என்று மூன்று அவென்யூ நடக்க வேண்டும், பத்து நிமிடம் ஆகும். கியூ ரயில் இரண்டாவது அவென்யூ, இன்னும் தூரம். கூட வருபவர்கள் வயதானவர்கள் என்றால் இந்தப் பத்து நிமிடமே பெரிய விஷயம்.

மேற்குப் பக்க ரயிலில் ஒரு பொறி இருக்கிறது, முதல் தடவை வருபவர்கள் தவறாமல் மாட்டுவார்கள். நியூ ஜெர்சியிலிருந்து பென் ஸ்டேஷனிலோ 42-ஆம் தெரு பஸ் நிலையத்திலோ இறங்கி வருபவர்கள் நீல நிற வட்டத்தைப் பார்த்ததும் ஏ ரயிலில் ஏறிவிடுவார்கள். பகலில் ஏ ரயில் 59-ஆம் தெரு கொலம்பஸ் சர்க்கிளை விட்டால் அடுத்து நிற்பது 125-ஆம் தெருவில். ஆரஞ்சு நிற டி ரயிலும் அப்படித்தான். 72-இல் இறங்க எழுந்து நிற்கிறவர் கண் முன்னாலேயே 72, 81, 86 எல்லாம் சரசரவென்று பின்னால் போய்விடும். பூங்கா ஓரமாக நின்று நின்று போவது சி ரயிலும் பி ரயிலும்தான். அதிலும் பி ரயில் சனி, ஞாயிறு ஓடாது. வார இறுதியில் சி வரும் வரை பிளாட்பாரத்தில் காத்திருங்கள். முன்னால் நாலு ஏ ரயில் போனாலும் ஏறாதீர்கள்.

படி ஏற முடியாதவர்கள் உடன் இருந்தால் லிப்ட் உள்ள 59-ஆம் தெரு கொலம்பஸ் சர்க்கிள் நிலையம் நல்லது. 72-இல் படிக்கட்டு மட்டும்தான்.

டாக்சியிலோ உபரிலோ வருகிறீர்கள் என்றால் செயலியில் "சென்ட்ரல் பார்க்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இடம் காட்டும் புள்ளி பூங்காவின் நடுவில் எங்கோ போய் விழும். 2018 ஜூன் மாதத்திலிருந்து பூங்காவின் உள்சாலைகளில் கார் போக முடியாது. ஓட்டுநர் தனக்குத் தோதான ஒரு ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் போக நினைத்த இடம் அங்கிருந்து இருபது தெரு தள்ளி இருக்கும். "ஐந்தாவது அவென்யூ, 72-ஆம் தெரு" என்று முனையைப் போடுங்கள். பூங்காவைக் குறுக்கே வெட்டிப் போகிற நான்கு சாலைகள் (65-66, 79, 85-86, 97-ஆம் தெருக்களின் நேரே) காருக்கு உண்டு. ஆனால் அவை பள்ளத்தில் தோண்டிப் போட்டவை, இரண்டு பக்கமும் கற்சுவர், நிறுத்த இடமே கிடையாது. அந்தக் காலத்துக் குதிரை வண்டிப் போக்குவரத்து பூங்காவில் நடப்பவர் கண்ணில் படக் கூடாது என்று செய்த ஏற்பாடு. நடந்து கடக்க அதில் இறங்காதீர்கள், புகையும் இரைச்சலும்தான் மிச்சம். ஆனால் ஒரு பயன் உண்டு. நடந்து களைத்துப் போனவர்களை எம்79 பஸ்ஸில் ஏற்றினால் 79-இன் பள்ளச் சாலை வழியாகச் சில நிமிடத்தில் மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

இப்போது எந்தப் பட்டையைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால், யோசிக்காமல் 72-இலிருந்து 82 வரை. மேற்கே 72-ஆம் தெரு வாசலில் நுழைந்ததும் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ். ஜான் லெனன் நினைவாக 1985 அக்டோபர் 9 அன்று, அவருடைய பிறந்த நாளில் திறந்த இடம். தரையில் பதித்த வட்டத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம். படம் எடுக்க வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு நகருங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. அங்கிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் பெதஸ்டா டெரஸ் என்ற இரண்டு அடுக்கு மேடை.

இங்கேதான் அவசரம் கூடாது. பெரும்பாலானோர் நேரே படியிறங்கி நீரூற்றுக்குப் போய், சிறகு விரித்த தேவதைச் சிலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தச் சிலை எம்மா ஸ்டெபின்ஸ் என்ற சிற்பி செய்தது, 1873-இல் திறந்தது. 1842-இல் குரோட்டன் ஆற்றிலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக வைத்தது. சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மேலே போகிற சாலைக்கு அடியில் இருக்கும் வளைவு மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க ஓடு. இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம் செய்தது, 49 பலகை, பலகைக்கு 324 ஓடு, மொத்தம் 15,876. பூவேலை வண்ணம் தீட்டியது அல்ல. வேறு வேறு நிறக் களிமண்ணை அச்சில் பதித்துச் சுட்டது, அதனால் தேய்ந்தாலும் வடிவம் போகாது. இந்த வகை ஓட்டைத் தரைக்குத்தான் போடுவார்கள். இங்கே கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் சாலையிலிருந்து நீர் கசிந்து பாழாகி, 1980-களில் கழற்றி வைத்து, பழுது பார்த்து 2007-இல்தான் மறுபடி ஏற்றினார்கள். பெரும்பாலான நாட்களில் யாராவது ஒருவர் அந்த மண்டபத்தில் பாடிக்கொண்டிருப்பார். மைக் தேவையில்லாத அளவுக்கு ஓசை சுற்றிச் சுற்றி வரும்.

மேல்மட்டத்துப் படிக்கட்டின் கல் தூண்களையும் விட்டுவிடாதீர்கள். பகல், இரவு என்று செதுக்கியிருக்கிறார்கள். இரவுப் பக்கத்தில் ஆந்தை, வௌவால், துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி. குழந்தைகளிடம் "கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடம் உங்களுக்கு ஓய்வு.

டெரஸுக்குத் தெற்கே தி மால், இருபக்கமும் அமெரிக்க எல்ம் மரங்கள். ஒருவகைப் பூஞ்சை நோயால் இந்த மரம் வட அமெரிக்காவில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இத்தனை மரம் ஒரே இடத்தில் நிற்பது அபூர்வம். இங்கேயும் வருடா வருடம் நோய் கண்ட கிளைகளை வெட்டி வெட்டித்தான் காப்பாற்றுகிறார்கள். ஏரிப்பக்கம் போனால் போ (Bow) என்ற பாலம், அதைத் தாண்டினால் ரேம்பிள் என்ற காடு. 36 ஏக்கர்தான், ஆனால் வழி தவறுவதற்கென்றே செய்த இடம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதமும் வலசைப் பறவைகள் இறங்கும்போது பைனாகுலரோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசினால் முறைப்பார்கள். குழந்தைத் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் ரேம்பிளுக்குள் வேண்டாம், ஏற்ற இறக்கமும் படியும் அதிகம்.

ரேம்பிளைத் தாண்டி வடக்கே ஏறினால் பெல்விடர் கோட்டை. தொலைக்காட்சியில் "நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இத்தனை டிகிரி" என்று சொல்கிறார்களே, 1919-இலிருந்து அந்த அளவு இந்த இடத்தில்தான் எடுக்கப்படுகிறது. கோட்டைக்குக் கீழே ஆமைக் குளம், அதற்கு அப்பால் கிரேட் லான் புல்வெளி. கிழக்கே நடந்தால் எகிப்திலிருந்து கொண்டுவந்து 1881-இல் நிறுத்திய கல்தூண். கிளியோபாட்ராவின் ஊசி என்று பெயரே தவிர கிளியோபாட்ராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவருக்கு ஆயிரத்து நானூறு வருடம் மூத்தது. அதைத் தாண்டினால் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் முதுகு. அப்படியே ஐந்தாவது அவென்யூவில் வெளியே வந்துவிடலாம்.

மேற்கே 81-இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கிழக்கே 82-இல் மெட்ரோபாலிட்டன். இரண்டுக்கும் நடுவே பூங்கா வழியாக நடை 25 நிமிடத்துக்குள். ஒரே நாளில் இரண்டு மியூசியமும் பூங்காவும் என்று திட்டம் போடுபவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் ஒரு மியூசியம், ஒரு பட்டை என்பதே ஒரு நாளைக்கு அதிகம் என்பது என் கட்சி. மெட்ரோபாலிட்டன் புதன்கிழமை விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு குழந்தைகள் உடன் இருந்தால் 59-இலிருந்து 69 வரையிலான தென்பகுதி. மிருகக்காட்சிசாலைக்குத் தனிக் கட்டணம், பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. ராட்டினத்தில் 57 மரக்குதிரைகள், 1908-இல் செதுக்கியவை. மேற்கு ஓரத்தில் ஹெக்ஷர் விளையாட்டுத் திடல், பூங்காவிலேயே பெரியது. அதன் வடக்கே அம்பயர் ராக் என்ற கரும்பாறை. அதன் முதுகில் கையை வைத்துப் பாருங்கள், ஒரே திசையில் நீளநீளமாகப் பள்ளக் கோடுகள் ஓடும். பனியுகத்தில் பனிப்பாறை நகர்ந்தபோது அடியில் சிக்கிய கற்கள் இழுத்த கீறல்கள் அவை. மழை பெய்த அன்று இதில் ஏற விடாதீர்கள், அபிரகம் கலந்த பாறை, வழுக்கும்.

இதே பகுதியில் ஷீப் மெடோ, 15 ஏக்கர் புல்வெளி. 1934 வரை நிஜமாகவே செம்மறி மேய்ந்த இடம். படுத்துக்கொண்டு கட்டடங்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் எப்போதும் திறந்திருக்காது. குளிர்காலம் முழுக்க மூடி, வசந்தத்தில்தான் திறப்பார்கள். மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தால் அன்றும் மூடியிருக்கும், திறக்கும் நாளிலும் காலை நேரத்தில் அல்ல, மதியத்தை ஒட்டித்தான். புல்வெளிகளில் சிவப்புக் கொடி தெரிந்தால் உள்ளே இறங்கக் கூடாது என்று அர்த்தம். உட்காரத் துணி விரிப்பு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்தால் அடியில் புல் வெந்துவிடும், எடுக்கச் சொல்வார்கள்.

மூன்றாவது, 96-க்கு வடக்கே. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத பகுதி, இரண்டாம் தடவை வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது. ஐந்தாவது அவென்யூவில் 105-ஆம் தெரு வாசலில் பெரிய இரும்புக் கதவு, உள்ளே கன்சர்வேட்டரி கார்டன், 6 ஏக்கர். காலை 8 மணிக்குத் திறப்பார்கள். சைக்கிளுக்கும் நாய்க்கும் அனுமதி இல்லை. நடுவில் இத்தாலியப் பாணி, வடக்கே பிரெஞ்சு, தெற்கே ஆங்கிலேயப் பாணி. ஏப்ரல் கடைசியில் டூலிப்பும், ஏறக்குறைய அதே சமயம் காட்டு ஆப்பிள் மரங்களும் பூக்கும். பெரிய கதவு வழியே போனால் படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலி என்றால் 106-ஆம் தெரு வாசல்.

அங்கிருந்து மேற்கே நார்த் உட்ஸ். ஓடை, சிறு அருவிகள், காட்டுக்குள் ஹடில்ஸ்டோன் வளைவு. சாந்து இல்லாமல், பெரிய பெரிய பாறைகளை ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து, அவற்றின் எடையாலேயே நிற்கிற பாலம் அது. அடியில் நின்று மேலே பார்த்தால் கொஞ்சம் வயிற்றைப் பிசையும், 1860-களிலிருந்து நிற்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. இந்தக் காட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பூங்கா காலை 6 மணியிலிருந்து இரவு 1 மணி வரை திறந்திருக்கும் என்பது சட்டம். அதற்காக இருட்டிய பிறகு இந்தப் பக்கம் ஆளில்லாத பாதையில் நடக்க வேண்டியதில்லை.

நடுவில் 86-க்கும் 96-க்கும் இடையே இருப்பதெல்லாம் அநேகமாக நீர்த்தேக்கம், 106 ஏக்கர். நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதை 1993-இல் நிறுத்திவிட்டார்கள். சுற்றி ஓட்டப் பாதை 1.58 மைல், இரண்டரை கிலோமீட்டர். எல்லோரும் இடஞ்சுழியாகத்தான், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் ஓடுவார்கள், எதிரே நடந்தால் எரிச்சலோடு விலகுவார்கள். தள்ளுவண்டி, சைக்கிள், நாய் மூன்றும் அதில் கூடாது. தள்ளுவண்டி இருந்தால் கொஞ்சம் கீழே ஓடும் குதிரைப் பாதையைப் பிடியுங்கள். மாலையில் கிழக்குக் கரையில் நின்றால் தண்ணீருக்கு மேல் சூரியன் இறங்குவது தெரியும். உயரக் கட்டடங்கள் தெரிய வேண்டும் என்றால் வடக்குக் கரை.

இதற்குத் தென்மேற்கே, 82-இலிருந்து 89 வரை மேற்கு ஓரமாகப் போகிறவர்கள் அங்கே நட்டிருக்கும் தகவல் பலகைகளைப் படியுங்கள். செனிகா வில்லேஜ் என்று ஒரு குடியிருப்பு இருந்த இடம் அது. 1825-இலிருந்து கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்தார்கள். பூங்காவுக்காக நகராட்சி நிலத்தை எடுத்துக்கொண்டு 1857-இல் அவர்களைக் காலி செய்தது.

சைக்கிள் எடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எடுக்கலாம், முழுச் சுற்று 6.1 மைல், ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஆனால் சைக்கிள் உள்சாலையில் மட்டும்தான், நடைபாதையில் ஓட்டக் கூடாது. சுற்று ஒருவழி, இடஞ்சுழி. ஏதாவது ஒரு இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது, முழுதும் சுற்ற வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். வடமேற்கு மூலையில் ஹார்லெம் ஹில் என்ற ஏற்றம் பழக்கமில்லாதவர்களை மூச்சு வாங்க வைக்கும். வேண்டாம் என்றால் 102-ஆம் தெரு நேரே குறுக்குச் சாலையில் திரும்பி ஏற்றத்தைத் தவிர்க்கலாம். சிட்டி பைக் என்ற பொது வாடகைச் சைக்கிளின் நிறுத்தங்கள் பூங்காவுக்குள் இல்லை, வெளி ஓரத்தில்தான். ஒரு சவாரிக்கு 30 நிமிடம் என்பது கணக்கு, நாள் பாஸ் வாங்கினாலும் அப்படித்தான். நிதானமாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் ஆகும், கூடுதல் நேரத்துக்கு நிமிடக் கணக்கில் காசு ஏறிக்கொண்டே போகும். அதனால் முழுச் சுற்றுக்கு மணிக்கணக்கில் வாடகை விடும் கடைச் சைக்கிளே லாபம். சிட்டி பைக் ஓட்ட 16 வயது ஆக வேண்டும். 14 வயதுக்குக் கீழே எந்தச் சைக்கிளானாலும் ஹெல்மெட் கட்டாயம்.

நடப்பவர்களுக்கு இந்தச் சைக்கிள்கள்தான் பூங்காவின் உண்மையான ஆபத்து. சாலையைக் கடக்கும்போது ஊர்ப் பழக்கத்தில் நம் கண் முதலில் வலது பக்கம் போகும். இங்கே சுற்று இடஞ்சுழி என்பதால், எந்த வாசலில் நுழைந்தாலும் சரி, உள்ளே போகும்போது சைக்கிள் இடமிருந்து வரும். பூங்காவை விட்டு வெளியேறும்போது வலமிருந்து வரும். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு நான்கு பக்கத்துக்கும் இது பொருந்தும். வரிக்கோடு இருக்கிறதே, நிற்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். இறக்கத்தில் வருபவர் நினைத்தாலும் சட்டென்று நிறுத்த முடியாது. முதல் ஆள் போனதும் பின்னாலேயே கூட்டமாக வருவார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, முழுதும் காலியான பிறகே கடங்கள். எதிர்த்திசையில் வருகிற ஒரு சிலரும் உண்டு என்பதால் மறுபக்கமும் ஒரு பார்வை.

59-ஆம் தெரு முனையில் நிற்கும் ரிக்‌ஷாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. "ஐந்து டாலர்தான் சார்" என்பார்கள். அது நிமிடத்துக்கு ஐந்து டாலர். முப்பது நிமிடம் சுற்றினால் 150 டாலர், அதோடு டிப்ஸ். வண்டியில் நிமிடக் கட்டணப் பலகை இருக்க வேண்டும் என்பது விதி. ஏறும் முன்பே அதைப் போனில் படம் எடுங்கள். "மொத்தம் எத்தனை நிமிடம், மொத்தம் எவ்வளவு, ஆளுக்கா வண்டிக்கா" என்று மூன்று கேள்வியையும் கேட்டு, பலகையில் உள்ள கட்டணத்தை நிமிடத்தால் பெருக்கிச் சரிபார்த்த பிறகு ஏறுங்கள். குதிரை வண்டிக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் உண்டு, குழப்பம் குறைவு.

கழிப்பறை விஷயத்தில் பட்டைக்கு ஒன்றைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. தெற்கே ஹெக்ஷர் திடலிலும், ஷீப் மெடோவின் வடமேற்கு மூலையில் மினரல் ஸ்பிரிங்ஸிலும் இருக்கிறது. நடுவில் டெலகார்ட் திறந்தவெளி அரங்கை ஒட்டி ஒன்று. வடக்கே கன்சர்வேட்டரி கார்டனில், நார்த் மெடோ விளையாட்டு மையத்தில். நார்த் உட்ஸுக்குள் நுழையும் முன் போய்விட்டு நுழையுங்கள். இருட்டினால் பலதையும் பூட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் குடிநீர்க் குழாய்களையும் உறைந்து வெடிக்காமல் இருக்க அடைத்துவிடுவார்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

எப்போது போவது? அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை, இலை நிறம் மாறும் நாட்கள். அதற்கு அடுத்தது ஏப்ரல் நடுவிலிருந்து மே. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் நம் ஊரை ஞாபகப்படுத்தும், காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் விழுந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் ஏரிக்குப் போய்ச் சேரும்போது இருட்டு. உறைந்த ஏரியின் மேல் யாரோ நிற்கிற மாதிரி தெரிந்தாலும் நீங்கள் கால் வைக்காதீர்கள், பனி எத்தனை தடிமன் என்று மேலிருந்து தெரியாது.

நண்பர்கள், சொந்தங்கள் சேர்ந்து பிறந்த நாள், ஒன்றுகூடல் வைக்கிற எண்ணம் இருந்தால், 20 பேருக்கு மேல் போனால் நகரப் பூங்காத் துறையின் அனுமதி வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள், கட்டணம் திரும்ப வராது. மது கூடாது, புகை கூடாது, ட்ரோன் கூடாது. ஸ்பீக்கர் வைக்கத் தனி அனுமதி. ஷீப் மெடோ, ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ், கன்சர்வேட்டரி கார்டன் எல்லாம் அமைதிப் பகுதிகள், அங்கே போன் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதும் தப்பு. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரத் தடையில்லை. மிச்சத்தை அணிலுக்கோ வாத்துக்கோ போடாதீர்கள்.

குடும்பமாக வருகிறவர்கள் கூட்டத்தில் பிரிந்துபோவது சாதாரணம். "நான் ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன்ப்பா" என்று போனில் சொன்னால் பதினெட்டாயிரம் மரத்தில் எந்த மரம்? பக்கத்து விளக்குக் கம்பத்தின் அடியில் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய உலோகத் தகட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்துத் தெரு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் பூங்காவின் மேற்குப் பாதி, இரட்டைப்படை என்றால் கிழக்குப் பாதி. 7235 என்றால் 72-ஆம் தெரு நேரே, மேற்குப் பக்கம். ரேம்பிளுக்குள் வழி தெரியாமல் நிற்கும்போதும், யாராவது விழுந்து அவசர உதவிக்கு 911-ஐ அழைக்கும்போதும், முதலில் சொல்ல வேண்டியது அந்த நான்கு எண்தான்.